அல்போன்சம்மா பெட்ராவில் பிடித்த கையெழுத்து

மன்னிப்பு, மன்னிப்பு என்று ஞாயிறுக்கு ஞாயிறு பிரசங்கத்தில் கேட்டு எனக்குக் காது புளித்துப் போய்விட்டது. அல்போன்சம்மாவின் கதையில் அது கிடையாது. வேண்டுமென்பவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். நான் மெற்றில்டா, அவளுடைய கூட்டாளி, அறுபத்தொரு வயது. எனக்கு வாய் நீளம் என்று மொன்றியல் தமிழ்க் கத்தோலிக்கரில் பாதிப்பேர் சொல்வார்கள். மற்றப் பாதிப்பேர் நான் அப்பால் போனபிறகு சொல்வார்கள்.

அல்போன்சம்மா மன்னார், பேசாலைக்காரி. 1997 ஒக்டோபரில் கலியாண விசாவில் இங்கே வந்து இறங்கியபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. மாப்பிள்ளை லவாலில் இருந்த அன்டன். கலியாணம் முடியும்வரை அவள் தங்கியது கோட்-டே-நேஜில் அண்ணன் அம்புறோஸின் வீட்டில். கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. கேக்குக்கும் சொல்லியாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்திய வியாழக்கிழமை அன்டனின் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது.

மொட்டைக் கடிதம் பற்றி நம்முடைய ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்காவது ஒரு கலியாணம் பொருந்திவிட்டால், பெயர் போடாமல் நாலு வரி எழுதி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்வரை சிலருக்குச் சோறு இறங்காது. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தோம், இந்தக் குணம் மட்டும் விசாக் கேட்காமலே கூட வந்துவிட்டது. அந்தக் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு வருத்தம். மன்னாரில் ஒருவனோடு ஒரே வீட்டில் இருந்தவள். விசாரித்துவிட்டு முடிவெடுக்கவும். இப்படிக்கு, உங்கள் நலன்விரும்பி.

அன்டனின் தாய் வந்து அந்தத் தாளை மேசையில் எறிந்துவிட்டுப் போனாள். அன்டன் வரவே இல்லை. பிறகு ரொறொன்ரோவில் யாரையோ கட்டிக்கொண்டான் என்று கேள்வி. விசாரிக்கத் தெரியாத அந்தக் கோழையைப் பற்றி எனக்கு மேலும் ஒரு வசனம் எழுத மனமில்லை.

தொண்ணூறு நாளில் கலியாணம் நடக்காவிட்டால் அந்த விசா செல்லாது. அம்புறோஸ்தான் வக்கீலைப் பிடித்து, அகதி வழக்குப் போட்டு, அவளை இங்கே நிறுத்தினார். "அண்ணை இல்லாட்டி என்னை அடுத்த பிளேனில ஏத்தியிருப்பாங்கள்" என்று அவள் சொல்லாத மாதம் இல்லை. அம்புறோஸின் மனைவி செலினுக்கு அப்போது பிஸ்கட் தொழிற்சாலையில் மாலை வேலை. மகள் ஷெரோனுக்கு நாலு வயது, றொக்சனுக்கு ஒன்பது மாதம். கார்டெரியில், அதுதான் பிள்ளைக் காப்பகத்தில், இடம் இல்லை. பிள்ளைகளை வளர்த்தது அல்போன்சம்மா. பிறகு டொலார்ட்டில் வீடு வாங்கியபோது நிலக்கீழ் அறை அவளுக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடமொன்றில் விடிகாலை வேலைக்குச் சேர்ந்தாள். அதிலும் மூன்று மணிக்கு வீட்டுக்கு வரக்கூடிய வேலையாகத்தான் பார்த்தாள். செலின் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது, பிள்ளைகளும் வெளியூரில். போன வருடம்வரை அம்புறோஸின் சோற்றுக் கோப்பையை மேசைக்குக் கொண்டுவந்து வைத்தவள் அவள்தான்.

இவ்வளவையும் கேட்டு, பாவம் நல்ல பிறவி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அந்தக் கடிதத்தை அவள் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். எழுதியவரைக் கண்டுபிடிக்காமல் சாகமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னவள்.

எங்கள் கோயிலில் பூசை முடிந்ததும் பின்னால் ஒரு மேசை போடுவோம். செத்தவர்களுக்கும், பிறந்தநாளுக்கும், சோதனை பாஸாகவும் பூசைக் கருத்துக் கொடுக்கிறவர்கள் ஒரு துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போடுவார்கள். 2004இல் அந்த மேசையைப் பார்க்க ஆள் தேவை என்று பங்குச் சுவாமி கேட்டபோது அல்போன்சம்மா எல்லாருக்கும் முந்திக் கையைத் தூக்கினாள். எவ்வளவு பக்தி என்று சுவாமி புகழ்ந்தார். எனக்கு மட்டும் சங்கதி தெரியும். ஞாயிறு பின்னேரம் நிலக்கீழ் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். மொன்றியலில் தமிழ் எழுதத் தெரிந்த கத்தோலிக்கர் எல்லாருடைய கையெழுத்தும் அவளுக்கு மனப்பாடம். கடிதத்து எழுத்து இடப்பக்கம் சரிந்திருக்கும். புள்ளி வைக்கவேண்டிய இடங்களில் கடுகளவு வட்டம். கொம்புகள் அடுத்த எழுத்தை இடிக்கிற மாதிரி நீண்டிருக்கும்.

ஒருமுறை ஒரு மன்னார்க்காரியில் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது. அந்த மனிசியின் புருஷன் பெயரை மூன்று வருடம் இறந்தோர் நாள் பட்டியலில் வராமல் பண்ணினாள். மனிசி ஒவ்வொரு நவம்பரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும். கடைசியில் எழுத்து வேறு என்று தெரியவந்தது. பாவமில்லையா என்று கேட்டேன். விசாரணை என்றால் நாலு பேருக்குப் படத்தான் செய்யும் என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

இவ்வளவு தேடியும் இருபத்தொரு வருடத்தில் அவள் கையில் சிக்காதது பிரியந்தியின் எழுத்து. பிரியந்தி அந்தக் காலத்தில் கோட்-டே-நேஜில் அதே கட்டடத்தின் கீழ்மாடியில் இருந்தவள், செலினோடு வேலை செய்தவள். பூனை மாதிரி நடை, கேட்டால்தான் பேச்சு. வருடா வருடம் நத்தாருக்கு அல்போன்சம்மாவுக்கென்று தனியாக ஒரு கேக் கொண்டுவந்து கொடுப்பாள். பூசைக் கருத்து எழுத மட்டும் மேசைக்கு வருவது அவளுடைய புருஷன் ஜோன்சன். புருஷனை அனுப்புகிற பெண் என்று நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம்.

போன வருடம் ஏப்ரலில் கோயிலிலிருந்து முப்பத்தொரு பேர் ஜோர்தானுக்கு யாத்திரை போனோம். அல்போன்சம்மா வருகிறேன் என்றபோது நானே நம்பவில்லை. அம்புறோஸ் ஒன்பது நாளும் தனக்கு ஆர் சமைக்கிறது என்று கேட்டாராம். இவள் பதினெட்டுப் பெட்டியில் கறி காய்ச்சி, பெயர் எழுதி, குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டு வந்தாள். அவளும் நானும் ஒரே அறை. பிரியந்தியும் வந்திருந்தாள். ஜோன்சனுக்கு லீவு கிடைக்கவில்லை.

மோசே நின்று பார்த்த நேபோ மலையையும், மடாபாவில் நிலத்தில் கல் பதித்துச் செய்த பழைய வரைபடத்தையும் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பெட்ராவுக்குப் போனோம். நபத்தேயர் என்ற ஒரு கூட்டம் பாலைவனத்து நடுவில், மலையைக் குடைந்து கட்டிய பட்டணம். உள்ளே போக ஒரேயொரு மலையிடுக்கு. இரண்டு பக்கமும் பாறை வானம்வரை எழும்பி நிற்கிறது. சில இடங்களில் கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொட்டுவிடலாம் போல இருக்கும். பக்கச் சுவரில் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அரைமணி நேரம் நடந்து கால் ஓய்கிற நேரத்தில், இடுக்கு முடிகிற இடத்தில், ரோஜா நிறக் கல்லில் அந்த மாளிகை முகப்பு. எல்லாரும் ஃபோனைத் தூக்கினார்கள். அல்போன்சம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நான் அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்தரம், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கல்லறைகள், மலையில் வெட்டிய அரங்கு எல்லாம் பார்த்துவிட்டு, பழைய கோயிலொன்றின் இடிபாட்டுக்கு ஏறினோம். நிலமெல்லாம் பறவையும் மிருகமுமாகக் கல் பதித்த சித்திரம். நிழலில் இருத்திவைத்து, ஆளுக்கொரு மன்றாட்டு எழுதித் தாருங்கள், கடைசி நாள் யோர்தான் ஆற்றங்கரைப் பீடத்தில் வைப்போம் என்றார் சுவாமி. பெயர் போடத் தேவையில்லை, ஆண்டவருக்குத் தெரியும் என்றார். துண்டுகளைச் சேர்க்கிற வேலை வழக்கம்போல அல்போன்சம்மாவுக்கு.

அவள் என் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக விரித்து அடுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு துண்டில் கை நின்றது. எட்டிப் பார்த்தேன். என் மகளின் கலியாணம் ஒரு குழப்பமும் இல்லாமல் நடந்தேற வேண்டும் என்று இருந்தது. இடப்பக்கம் சரிந்த எழுத்து. புள்ளிகளுக்குப் பதிலாகக் கடுகளவு வட்டங்கள். வந்திருந்த ஆட்களில் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தவள் ஒருத்திதான். பிரியந்தியின் மகள் றொஷினிக்கு ஓகஸ்டில் ரொறொன்ரோ மாப்பிள்ளை.

அந்த இடத்திலேயே எழும்பிப்போய் அவளுடைய கொண்டையைப் பிடிப்பாள் என்று பார்த்தேன். நானாக இருந்தால் பிடித்திருப்பேன். அல்போன்சம்மா அந்தத் துண்டை மடித்து மற்றத் துண்டுகளோடு வைத்தாள். பிறகு எழுந்து, ஆயிரத்துச் சொச்சம் வருடம் பழைய தூணொன்றுக்குப் பக்கத்தில் பிரியந்தியை நிறுத்தி, அவளுடைய ஃபோனிலேயே ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள்.

பின்னேரம் அறைக்கு வந்ததும் றொஷினியின் மாப்பிள்ளை வீட்டு விலாசம் கேட்டாள். றொஷினியின் கலியாண அழைப்பிதழ் என் ஃபோனில் இருந்தது, விலாசம் அதிலேயே. நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை, கொடுத்தேன். அவள் ஹொட்டேல் தாளில், அந்தப் பழைய கடிதத்தைப் பார்த்து ஒரு சொல் மாறாமல் எழுதினாள். பெண்ணுக்கு வலிப்பு என்றும், ஒருவனோடு ஒரே வீட்டில் இருந்தவள் என்றும், இப்படிக்கு நலன்விரும்பி என்றும். மன்னார் இருந்த இடத்தில் மட்டும் மொன்றியல் என்று போட்டாள்.

றொஷினி என்ன பாவம் செய்தது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"நான் என்ன பாவம் செய்தனான்?" என்றாள். பிறகு, தபாலில் போடுவதற்கு முன்னர் பிரியந்தியை இதை வாசிக்க வைக்கவேண்டும், முகத்தைப் பார்க்காவிட்டால் இருபத்தெட்டு வருடம் காத்திருந்ததற்கு என்ன பலன் என்று சொல்லி உறையை ஒட்டாமல் வைத்தாள். அன்றைக்கு அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் வாடி ரம். சிவப்பு மண் பாலைவனம், நடுவில் நட்டுவிட்டது போலக் கறுத்த மலைகள். பின்னால் பலகை போட்ட ஜீப்புகளில் ஏற்றினார்கள். எங்கள் ஜீப்பில் பிரியந்தியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தியவள் அல்போன்சம்மா. ஒரு பாறை வெடிப்புக்குள் பழங்காலத்து எழுத்துகளைக் காட்டினார்கள். ஒட்டகம் மேய்த்தவர்களும் வழிப்போக்கர்களும் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னர் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னான்.

"இவங்கள் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாங்கள்" என்றாள் அல்போன்சம்மா, பிரியந்தியைப் பார்த்து. பிரியந்திக்கு அது விளங்கவில்லை. ஓமக்கா என்று தலையாட்டினாள்.

மணல் குன்றொன்றில் ஏற மற்றவர்கள் போய்விட்டார்கள். மூன்று பேரும் பாறை நிழலில் இருந்தோம். கொஞ்சத் தூரத்தில் பெதுவின் என்ற பாலைவன இனத்துக் கிழவர் ஒருவர் சுள்ளி எரித்துத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். அல்போன்சம்மா செபப் புத்தகத்தைத் திறந்து பழைய கடிதத்தைப் பிரியந்தியின் மடியில் வைத்தாள். அதற்கு மேல் புதியதை உறையோடு வைத்தாள். வாசி என்றாள்.

பிரியந்தி இரண்டையும் வாசித்தாள். விலாசத்தையும் பார்த்தாள். முகம் சாம்பலாகிவிட்டது. அல்போன்சம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது இனித்தது.

"எழுதினது நான்தான் அக்கா" என்றாள் பிரியந்தி. "சொல்லச் சொல்ல எழுதினனான். சொன்னது அம்புறோஸ் அண்ணை."

அல்போன்சம்மாவின் கை போன வேகத்தில் பிரியந்தியின் கண்ணாடி மணலில் விழுந்தது. கிழவர் திரும்பிப் பார்த்தார். பிரியந்தி கண்ணாடியைத் தேடவில்லை, அழவும் இல்லை. எத்தனையோ வருடம் தொண்டையில் கிடந்ததைத் துப்புகிறவள் போலச் சொல்லிக்கொண்டு போனாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, வந்து ஐந்து மாதம். அவளுடைய அகதி வழக்குக்கும் அம்புறோஸ்தான் அலைந்துகொண்டிருந்தார். ஒருநாள் செலின் வேலைக்குப் போனபிறகு, அல்போன்சம்மா ஷெரோனைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போன நேரம், கீழே இறங்கி வந்தாராம். இடுப்பில் றொக்சன். தன்னுடைய எழுத்தை அன்டன் வீட்டுக்குத் தெரியும், நீ எழுது என்றாராம். தங்கச்சி லவாலுக்குப் போனால் பிள்ளைகளை ஆர் பார்க்கிறது, செலின் வேலையை விட்டால் எல்லாரும் நடுத்தெரு என்றாராம். வேறு நல்ல இடம் பிறகு பார்த்துக் கொடுப்பேன் என்றும் சொன்னாராம்.

அல்போன்சம்மா பொய் என்றாள்.

"உங்களுக்கு ஆறு வயசில சின்னமுத்துக் காய்ச்சலில வலிப்பு வந்தது எனக்கு எப்பிடியக்கா தெரியும்?" என்று கேட்டாள் பிரியந்தி. "அவர்தான் சொன்னவர். ஒருக்கா வந்ததுதான், ஆனபடியால் பொய்யில்லை, எழுது எண்டவர்."

அந்தக் காய்ச்சலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாலையிலிருந்து மன்னார் ஆஸ்பத்திரிவரை போன வண்டியில் இருந்தவர்கள் தாய், தகப்பன், அம்புறோஸ். தாய் தகப்பன் இருவரும் செத்துப்போனார்கள். மன்னார்க்காரரை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டவள், தன் தாய் வயிற்றில் பிறந்தவனை ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. அகதி வழக்குப் போட்டுக் காப்பாற்றியவர் என்று அவருக்குத் தினமும் ஒரு செபமாலைப் பத்து ஒப்புக்கொடுத்தவள். சோறு போட்டாள், உடுப்பு மினுக்கினாள், சீனி வருத்தத்துக்கு ஊசி குத்திவிட்டாள். அந்த நேரம் அம்புறோஸ் முன்னால் இருந்திருந்தால் அந்தத் தேநீர்க் கேத்திலை அப்படியே தலையில் கவிழ்த்திருப்பேன்.

பிறகு அல்போன்சம்மா புதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், கிழவரின் நெருப்பில் போட்டுவிட்டு வந்தாள்.

"உன்ர பிள்ளையை விட்டிட்டன்" என்றாள் பிரியந்தியிடம். "உன்னை விடேல்ல. கலியாணத்துக்கு வருவன். முன்வாங்கிலதான் இருப்பன். நீ என்னைப் பார்த்துக்கொண்டு சிரிக்கவேணும்."

திரும்பி வந்தபோது டோர்வால் விமான நிலையத்தில் அம்புறோஸ் காரோடு நின்றார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. பெட்டிச் சாப்பாடு சாப்பிட்டு நாக்குச் செத்துப்போச்சு, இண்டைக்கு மீன் குழம்பு வையம்மா என்றார். அல்போன்சம்மா ஓம் அண்ணை என்று ஏறிப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தக் கிழமை முழுக்க ஃபோன் எடுத்துத் திட்டினேன். மீன் வைத்தாளாம், இறைச்சி வைத்தாளாம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவருடைய வெள்ளைச் சேட்டை மினுக்கிவைத்தாளாம். நீ மனிசியா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வந்து இரண்டு சூட்கேஸை என் வீட்டில் வைத்தாள். றொக்ஸ்பரோவில் ஒரு அறை எடுத்திருக்கிறேன், திங்கள் குடிபோகிறேன் என்றாள்.

அந்த ஞாயிறு, யாத்திரை போனவர்களில் ஐந்துபேர் விசுவாசிகளின் மன்றாட்டை வாசிக்கட்டும் என்று சுவாமி ஒழுங்குபண்ணியிருந்தார். கோயில் நிறைந்த சனம். அம்புறோஸ் வெள்ளைச் சேட்டோடு நாலாம் வாங்கில் இருந்தார். அவருக்குப் பின்வாங்கில் நான். முதலாமவர் திருச்சபைக்காக வாசித்தார், இரண்டாமவர் நாட்டுத் தலைவர்களுக்காக. வழக்கம்போல எல்லாருடைய மனமும் பூசை முடிந்து வாங்கவேண்டிய பாலிலும் பாணிலும் இருந்திருக்கும். மூன்றாவதாக அல்போன்சம்மா போய் மைக்கைப் பிடித்தாள். சுவாமியின் தாளை மடித்துவிட்டுத் தன்னுடையதை விரித்தாள்.

"இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னர், தன் பிள்ளைகளை வளர்க்க ஆள் வேண்டுமென்பதற்காக, தங்கைக்கு வலிப்பு என்றும், அவள் ஒருவனோடு வாழ்ந்தவள் என்றும் மொட்டைக் கடிதம் எழுதுவித்து, அவளுடைய கலியாணத்தைக் குழப்பிய என் அண்ணன் அம்புறோஸ், தான் செய்ததை இந்தக் கோயிலில் எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொள்ளும் மனத்தைப் பெறவேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுக்க, பழக்கத்தில்.

அம்புறோஸும் சேர்ந்துதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தன் பெயர் கேட்டது.